வடை சுடும் வேட்பாளர்

தேர்தல் வந்துவிட்டால் தமிழ்நாட்டு டீக்கடைகளுக்குப் புது மாஸ்டர்கள் கிடைத்துவிடுகிறார்கள். வேட்பாளர் கடைக்காரரிடம் ஜல்லிக் கரண்டியை வாங்கி, எண்ணெயில் மிதக்கும் வடையை ஒருமுறை புரட்டிப் போடுவார். சுற்றி நிற்கும் செல்போன்களில் படம் பதிவானதும் கரண்டி உரியவர் கைக்குத் திரும்பிவிடும். சென்னைப் புறநகரான கூடுவாஞ்சேரியின் ஜி.எஸ்.டி. சாலைக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. ‘நம்ம ஆளு’ என்று மக்களை நினைக்கவைக்கும் இந்த முயற்சி அறமா, ஏமாற்றா? வேட்பாளர் காட்டும் எளிமையை ஒரு வாக்குறுதியாகவே கணக்கில் எழுத வேண்டும். ஜெயித்த பிறகும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பேன் என்பதே அதன் பொருள். அதைக் காப்பாற்றினால் அறம். இல்லாவிட்டால் வாயால் சுட்ட வடைதான்.

மனத்தைத் தொடுவதும் ஆளத் தகுதி பெறுவதும் வேறு வேறு என்பதற்கு 1967 தேர்தலே சாட்சி. அந்த ஆண்டு ஜனவரி 12 அன்று துப்பாக்கிச் சூட்டில் காயமடைந்த எம்.ஜி.ஆர்., பரங்கிமலைத் தொகுதியில் தெருத்தெருவாகச் சென்று வாக்குக் கேட்கவில்லை. கழுத்துக் கட்டுடன் அவர் இருந்த சுவரொட்டி கேட்டது, வென்றார். காயம் உண்மை, மக்களின் இரக்கமும் உண்மை. ஆனால் அவர் எப்படிப்பட்ட சட்டமன்ற உறுப்பினராக இருப்பார் என்பதை அந்தப் படம் சொல்லவில்லை. அதே தேர்தலில், எளிமையை வேஷமாக அன்றி வாழ்க்கையாகவே கொண்டிருந்த காமராஜர், விருதுநகரில் மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். அரிசித் தட்டுப்பாட்டுக்கும் மொழிப் போராட்டத்தை ஒடுக்கியதற்கும் அவருடைய கட்சியிடம் மக்கள் கணக்குக் கேட்டார்கள். எளியவர் என்பதற்காக அந்தக் கணக்கு தள்ளுபடியாகவில்லை.

காலை மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு போய் இரவு வீடு திரும்புகிறவர் தேர்தல் அறிக்கையைப் படித்தா ஓட்டுப் போடுவார், முகத்தைப் பார்த்து முடிவெடுப்பதில் என்ன தவறு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. பட்டாவுக்கு அலைகிறவருக்கும், மழைக்காலத்தில் வீட்டுக்குள் ஏரித் தண்ணீர் புகுந்தவருக்கும், கதவைத் தட்டினால் திறக்கிற ஒருவர் தேவை. ஆகவே அணுக எளியவரா என்று பார்ப்பது விவேகமே. ஆனால் முகம் சுலபமாகப் போலி செய்யக்கூடிய அடையாளம். பல மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள் வாழும் இந்தப் புறநகரில் ‘நம்ம ஆளு’ என்பது மெல்ல ‘நம்ம சாதி’ என்று சுருங்கவும் கூடும். சாதி, மதத்தின் பேரால் வாக்குக் கேட்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆவது பிரிவின்படி முறைகேடு. வாக்காளரின் சாதி, மதமும் இதில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது.

நடிக்காவிட்டால் ஜெயிக்க முடியாதே என்பது அடுத்த வாதம். இதற்கு உத்திரமேரூர் பாதி பதில் வைத்திருக்கிறது. பத்தாம் நூற்றாண்டின் குடவோலை முறையில், முன்பு பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவரின் பெயரும் அவருடைய உறவினர் பெயரும் குடத்துக்குள்ளேயே போகாது. நிலமும் வேதக் கல்வியும் உள்ளவர்களுக்கு மட்டும் திறந்திருந்த அந்தச் சபைக்கு நாம் திரும்ப வேண்டியதில்லை. கணக்குக் கேட்கும் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். இன்று வேட்பாளர் தன் சொத்து, கடன், குற்ற வழக்குகளைப் பிரமாணப் பத்திரத்தில் எழுதியே ஆக வேண்டும். நடிப்பை முழுதாக ஒழிக்க முடியாது. அதை நம்பித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் நமக்கு இல்லை.

நந்திவரம்-கூடுவாஞ்சேரி 2021இல் நகராட்சியானது. 2022 பிப்ரவரியில் முதல் கவுன்சிலர்களைத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று நகரப் பகுதிகளில், மக்கள் தங்கள் குறைகளை நேரில் சொல்லும் பகுதி சபைகள் கூடின. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் முதலமைச்சரே கலந்துகொண்டார். வடை புரட்டியவர் அப்படியொரு சபையில் குப்பை, சாக்கடை, தெருவிளக்குக்குப் பதில் சொல்ல வந்து உட்காருகிறாரா என்று போய்ப் பாருங்கள். அடுத்த ஓட்டை அங்கே முடிவு செய்யுங்கள்.