காலடியும் சிலம்பும்

ராதாபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், இரவில் கன்னம் வைத்து ஒரு வீட்டில் நகை திருடிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். கண்ணால் கண்டவர் எவரும் இல்லை. கொல்லைப்புறச் செம்மணலில் மட்டும் காலடிகள் பதிந்திருக்கின்றன. அவை பனங்காட்டுக்குப் போய், ஒரு பனையின் அடியில் முடிகின்றன. ஊர் உடனே தீர்ப்புச் சொல்லிவிடும். ஆனால் அந்தப் பனையேறி நாள்தோறும் விடியுமுன் அந்த வழியாகத்தான் தொழிலுக்குப் போகிறவன். மணல் நடந்தவனைச் சொல்லும். எதற்காக நடந்தான் என்பதைச் சொல்லுமா?

அப்படியானால், சந்தர்ப்ப சாட்சியத்தைக் கொண்டு எவனையும் தண்டிக்கவே கூடாதா? அவ்வளவு தூரம் போக எனக்குத் துணிவில்லை. கன்னம் வைப்பவன் சாட்சிக்கு ஆள் கூட்டிக்கொண்டு வருவதில்லை. திருட்டுப் போன பொருள் சில நாட்களுக்குள் ஒருவனிடம் அகப்பட்டு, அது வந்த விதத்தை அவன் சொல்ல முடியாமற்போனால், அவனே திருடன், அல்லது தெரிந்தே வாங்கியவன் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் இதற்கு இடம் தந்தது; 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டமும் தருகிறது. 'சொல்ல முடியாமற்போனால்' என்ற நிபந்தனையில்தான் தர்மம் இருக்கிறது.

சிலப்பதிகாரத்து மதுரையில் தவறிப்போனது அதுதான். அரசியின் சிலம்பு காணாமற்போயிருந்தது. கோவலனிடம் ஒரு சிலம்பு இருந்தது. அவன் ஊருக்குப் புதியவன். மூன்றும் உண்மை. ஆனால், அரசியின் ஊடலைத் தீர்க்கப் போய்க்கொண்டிருந்த பாண்டியன், 'இது உனக்கு ஏது?' என்று அவனை அழைத்துக் கேட்கவில்லை. பொற்கொல்லன் பேச்சே போதுமென்று இருந்துவிட்டான். பிறகு கண்ணகி மட்டும் கண்ட சாட்சியையா கொண்டுவந்தாள்? சிலம்பை உடைத்தாள், முத்து இருக்க வேண்டிய இடத்தில் மாணிக்கம் தெறித்தது. அதுவும் சந்தர்ப்ப சாட்சியந்தான்! கோவலனைக் கொன்றதும் அது, அவன் கள்வன் அல்லன் என்று காட்டியதும் அது. முதலில் விசாரணை இல்லை, பின்னர் இருந்தது. வேறுபாடு அவ்வளவுதான்.

1984இல் ஒரு கொலை வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் இதையே விதியாக்கிச் சொன்னது: சந்தர்ப்பங்கள் ஐயமற நிரூபிக்கப்பட வேண்டும், அவை அறுபடாத சங்கிலியாக அமைந்து, குற்றவாளி என்ற ஒரே முடிவுக்குத்தான் இடந்தர வேண்டும்.

பனையேறியிடம் திரும்புவோம். அவன் குடிசையில் நகை கிடைத்து, காலடியும் பொருந்தி, நம்பத்தக்க பதிலும் வராவிட்டால் தண்டிக்கலாம். ஆனால் கேள்வியே கேட்குமுன், அவன் ஏழை என்பதையும் ஒரு சாட்சியமாகச் சேர்த்துக்கொள்கிறோமே, அதற்கு எந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது?