சொற்கள் மெய், பதில் பொய்

2021 ஜூலை 28 அன்று மாநிலங்களவையில் சமூக நீதி அமைச்சகம் ஒரு கேள்விக்குப் பதில் தந்தது. கையால் மலம் அள்ளும் தொழிலில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பது கேள்வியின் சாரம். அப்படி யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்பது பதில். சட்டப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் அந்தப் பதிலில் பொய் இல்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு வேலைகளைத் தனித்தனியாக வரையறுக்கிறது. சுகாதாரமற்ற கழிப்பறையிலிருந்தோ திறந்த வடிகாலிலிருந்தோ ரயில் தண்டவாளத்திலிருந்தோ கையால் மலத்தை அகற்றுவது ஒன்று. பாதாளச் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் பாதுகாப்புக் கருவி இல்லாமல் இறங்குவது மற்றொன்று; அதற்குச் சட்டம் தரும் பெயர் ‘அபாயகரமான துப்புரவு’. தொட்டிக்குள் விஷவாயு தாக்கி இறந்தவர், இந்தக் கணக்கின்படி, கையால் மலம் அள்ளி இறந்தவர் ஆகமாட்டார். சில நாட்களில் அதே அமைச்சகம் மற்றொரு பதிலில், சாக்கடையிலும் தொட்டியிலும் துப்புரவு செய்யும்போது 941 தொழிலாளர்கள் இறந்ததாகத் தகவல் உண்டு என்று கூறியது. மாநிலவாரிப் பட்டியலில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு.

முதல் பதிலில் ஒரு சொல்லைக்கூடத் தவறென்று அடிக்க முடியாது. ஆனாலும் அதைப் படித்த எவரும் நாட்டில் மலக்குழி மரணமே இல்லை என்றுதான் நினைத்திருப்பார். சொல்லுக்குச் சொல் சரியாக இருந்தும், படிப்பவரின் மனத்தில் தவறான படத்தை வரையும் பதிலை என்னவென்று அழைப்பது? அதைப் பொய் என்று சொல்வது மிகை என்பவர்கள் உண்டு. அந்த வாதத்தை அலசிப் பார்க்க வேண்டும். ஏனென்றால் அதில் ஓரளவு நியாயமும் இருக்கிறது.

முதலில் அந்தக் காகிதத்தைப் பார்ப்போம். எழுத்துபூர்வக் கேள்விக்கு ஒரு மாறாத வடிவம் உண்டு. (அ) இன்ன நிலைமை இருப்பது உண்மையா? (ஆ) ஆம் எனில் அதன் விவரங்கள் யாவை? (இ) இல்லை எனில் அதற்கான காரணங்கள் யாவை? (ஈ) அரசு எடுத்துள்ள நடவடிக்கைகள் யாவை? மக்களவை விதிப்படி கேள்வி பொதுவாக 150 சொற்களைத் தாண்டக் கூடாது. வாதம், கேலி, பழிச்சொல், ஊகம் எதுவும் அதில் இருக்கக் கூடாது. கேட்பவருக்கு இத்தனை கட்டுப்பாடு. பதிலோ பல நேரங்களில் (அ) முதல் (ஈ) வரை எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி, ஒரே பத்தியில் திட்டங்களின் பெயர்களை அடுக்கி முடிந்துவிடும். எந்த உட்பிரிவுக்கு எது பதில் என்று தேடினால் ஓர் உட்பிரிவு காணாமல் போயிருக்கும். காணாமல் போவது பெரும்பாலும் எண்ணிக்கை கேட்ட உட்பிரிவுதான்.

மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகளும், நட்சத்திரமில்லாத 230 கேள்விகளும் பட்டியலில் இடம்பெறலாம். மாநிலங்களவையில் 15, 160. நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் எழுந்து நின்று வாய்மொழியாகப் பதில் சொல்கிறார். உறுப்பினர் துணைக் கேள்வி கேட்கலாம். “தொட்டியில் இறந்தவர்களையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்” என்று அந்த இடத்திலேயே மடக்கலாம். நட்சத்திரமில்லாத கேள்விக்குத் துணைக் கேள்வி கிடையாது. பதில் காகிதமாக வருகிறது, அவையில் வைக்கப்படுகிறது, முடிந்தது. அரை மணி நேர விவாதம் கோரலாம் என்ற விதி இருக்கிறது. அது எளிதில் கிடைப்பதில்லை. அமைச்சர் சொன்னதில் பிழை இருந்தால் சபாநாயகரின் 115ஆவது பணிப்புரைப்படி சுட்டிக்காட்டலாம். ஆனால் பிழையே இல்லாத அரை உண்மையை எந்தப் பணிப்புரையின்கீழ் சுட்டிக்காட்டுவது?

இங்கேதான் எழுத்துபூர்வப் பதிலின் அறம் வாய்மொழிப் பதிலின் அறத்தைவிடக் கடுமையாகிறது. மறுத்துக் கேட்க ஆள் இருக்கும்போது கொஞ்சம் மழுப்பினாலும் அடுத்த நிமிடம் அது திருத்தப்படும். மறுத்துக் கேட்க முடியாத இடத்தில், கேட்டவர் என்ன தெரிந்துகொள்ள விரும்பினார் என்பதைப் பதில் எழுதுகிறவரே நினைத்துப் பார்த்தாக வேண்டும். அந்தப் பொறுப்பை ஏற்க வேறு யாரும் அங்கே இல்லை.

அதிகாரிகளின் தரப்பு என்ன சொல்லும்? கேட்டதற்குப் பதில் சொல்வதுதான் எங்கள் வேலை. கேட்க நினைத்ததற்குப் பதில் சொல்வது அல்ல. சட்டச் சொல்லைப் போட்டுக் கேட்டால் சட்டப் பொருளில்தான் பதில் வரும். தளர்வாகப் பதில் சொன்னால் நாளை அதே காகிதத்தை நீதிமன்றத்தில் எங்களுக்கு எதிராக நீட்டுவார்கள். இதை அற்பமான வாதம் என்று ஒதுக்க முடியாது. துல்லியம் நிர்வாகத்தின் நல்ல குணம். ஒரு சட்டத்தின் வரையறையை அமைச்சகம் இஷ்டத்துக்கு விரித்தும் சுருக்கியும் பேசத் தொடங்கினால் அதனால் பாதிக்கப்படுவதும் எளியவர்களே.

ஆனால் இந்த வாதம் குறுக்கு விசாரணைக் கூண்டில் நிற்கும் சாட்சிக்குப் பொருந்துமே தவிர அமைச்சருக்குப் பொருந்தாது. சாட்சி தன்னைக் காத்துக்கொள்ள உரிமையுள்ளவர். எதிர்த் தரப்பு வக்கீலுக்கு அவர் எதையும் எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை. அமைச்சருக்கு நாடாளுமன்றம் எதிர்த் தரப்பு அல்ல. அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டுப் பொறுப்புடையது என்று அரசமைப்பின் 75ஆவது பிரிவே சொல்கிறது. அமைச்சகத்திடம் உள்ள தகவல் அமைச்சரின் சொத்தும் அல்ல, கேட்பவர் சரியான கடவுச்சொல்லைச் சொன்னால் மட்டும் திறந்து காட்டுவதற்கு. துல்லியம் வேண்டுமென்றால் அதற்கு வழி எளிது. சட்டத்தின் வரையறைப்படி இல்லை, ஆனால் அபாயகரமான துப்புரவில் இத்தனை பேர் இறந்தார்கள் என்று சேர்த்தே எழுதலாம். ஆகஸ்டில் வந்த பதில் அப்படித்தான் எழுதப்பட்டது. ஆகவே ஜூலையிலும் அது முடியாத காரியமாக இருந்திருக்காது.

வள்ளுவர் வாய்மையைச் சொல்லின் சரித்தன்மையால் அளக்கவில்லை. பிறர்க்குத் தீங்கு விளைகிறதா என்பதால் அளந்தார். அந்த அளவுகோலை வைத்தால் ஜூலைப் பதில் நிற்காது. தொட்டியில் இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2014இல் உத்தரவிட்டது. 2023இல் அது 30 லட்சம் ஆனது. இறந்தவர் கணக்கில் வந்தால்தான் இந்தப் பணம் வீடு வந்து சேரும். மரணம் இல்லை என்று ஓர் அரசுக் காகிதம் சொன்னால், மனுவோடு ஆட்சியர் அலுவலகத்தில் நிற்கும் விதவையின் பேச்சுக்கு அந்த அளவு மதிப்புக் குறைகிறது.

ஆனால் வள்ளுவரின் அதே அளவுகோலை அமைச்சர்களும் கையில் எடுக்கலாம். குற்றமற்ற நன்மை விளையுமானால் உண்மையை மறைப்பதும் தகும் என்று. பிரிட்டனில் இது நடந்து பார்த்த கதை. ஈரான், இராக் இரண்டுக்கும் போர்த் தளவாடம் விற்பதற்கான கட்டுப்பாடுகளை அந்நாட்டு அரசு 1985இல் நாடாளுமன்றத்தில் அறிவித்தது. 1988இல் போர் ஓய்ந்தபின், அந்த ஆண்டு டிசம்பரில், மூன்று இளநிலை அமைச்சர்கள் தங்களுக்குள் பேசிக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். நாடாளுமன்றத்துக்குச் சொல்லவில்லை. கேட்ட உறுப்பினர்களுக்குக் கொள்கை மாறவில்லை என்ற பதிலே போய்க்கொண்டிருந்தது. எழுத்தில் உள்ள விதி அப்படியே இருக்கிறது, அதைப் புரிந்துகொள்ளும் விதம்தான் நெகிழ்ந்தது என்பது அவர்கள் சமாதானம். வணிக நலனும் வெளியுறவும் கெடக் கூடாது என்ற காரணமும் இருந்தது. ஆனால் இராக்குக்கு இயந்திரங்கள் விற்ற மேட்ரிக்ஸ் சர்ச்சில் நிறுவனத்தின் நிர்வாகிகள் மூவர் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டார்கள். அரசுக்குத் தெரிந்தே நடந்த விற்பனைக்காக மூன்று பேர் சிறை செல்லும் நிலை. 1992 நவம்பரில் முன்னாள் அமைச்சர் ஆலன் கிளார்க் சாட்சிக் கூண்டில் உண்மையை ஒப்புக்கொண்டதும் வழக்கு சரிந்தது. நீதிபதி ரிச்சர்ட் ஸ்காட் விசாரித்து 1996 பிப்ரவரியில் ஐந்து தொகுதிகளாக அறிக்கை தந்தார். நாடாளுமன்றத்துக்குத் தரப்பட்ட பதில்கள் தவறான எண்ணத்தை ஏற்படுத்தின என்பது அதன் முடிவுகளில் ஒன்று. அந்த அறிக்கை மீதான வாக்கெடுப்பில் அரசு 320க்கு 319 என்று ஒரே வாக்கில் தப்பியது.

இதில் கவனிக்க வேண்டியது, அவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று இருந்தது. இந்தத் தகவலை வெளியிடுவது நாட்டு நலனுக்கு உகந்ததல்ல, ஆகவே பதில் தர இயலாது என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லும் அமைச்சர் ஏச்சு வாங்குவார். அவர் ஏன் மறைக்கிறார் என்று மறுநாள் செய்தித்தாள்கள் கேட்கும். ஆனால் கேட்டவர் ஏமாறவில்லை. தன்னிடம் ஒன்று மறைக்கப்படுகிறது என்று அவருக்குத் தெரியும், வேறு வழியில் போராட அவருக்குக் கால் இருக்கிறது. வெளிப்படையான மறுப்பு கேட்டவரை அறிவுள்ள மனிதராக மதிக்கிறது. மழுப்பலான உண்மை, கிடைத்துவிட்டது என்ற நிறைவோடு அவரைத் திருப்பி அனுப்புகிறது. இரண்டில் எது பெரிய தீங்கு என்பதில் சந்தேகமே வேண்டாம். அவையைத் தெரிந்தே தவறாக வழிநடத்திய அமைச்சர் பதவி விலக முன்வர வேண்டும் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1997 மார்ச்சில் தீர்மானித்தது இந்தப் பாடத்துக்குப் பிறகுதான்.

கேட்பவருக்கும் அறம் உண்டு. 1951இலேயே எச். ஜி. முட்கல் என்ற உறுப்பினர், பம்பாய்த் தங்க வெள்ளி வணிகர் சங்கத்திடம் ஆதாயம் பெற்றுக்கொண்டு கேள்வி கேட்ட விவகாரத்தில் பதவியை இழக்க நேர்ந்தது. 2005 டிசம்பரில் பணம் வாங்கிக்கொண்டு கேள்வி கேட்க ஒப்புக்கொண்ட 11 உறுப்பினர்கள் ஒரே நாளில் வெளியேற்றப்பட்டார்கள். அங்கே சரி தவறு பற்றிக் குழப்பம் இல்லை. குழப்பம் வேறு இடத்தில்: உறுப்பினரின் செயல்பாட்டை அவர் கேட்ட கேள்விகளின் எண்ணிக்கையால் மதிப்பிடும் பழக்கம் வந்தபின், உதவியாளர் எழுதித் தரும் கேள்விகள் குவிகின்றன. இணையதளத்தில் ஏற்கெனவே உள்ள புள்ளிவிவரத்தைக் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும், அன்றைய 230இல் வேறொருவரின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அது சிறு குற்றம்தான். அரசின் மழுப்பலோடு ஒரே தட்டில் வைக்கக் கூடியதல்ல.

அரை உண்மையைவிடவும் கடினமான ஒன்று இருக்கிறது: தெரியாது என்ற பதில். 2020 செப்டம்பரில் கொரோனாக் காலக் கூட்டத்தொடரில் கேள்வி நேரமே ரத்து செய்யப்பட்டு, எழுத்துபூர்வக் கேள்விகள் மட்டும் அனுமதிக்கப்பட்டன. பொது முடக்கத்தில் ஊர் திரும்பும் வழியில் எத்தனை புலம்பெயர் தொழிலாளர்கள் இறந்தார்கள், அவர்கள் குடும்பங்களுக்கு இழப்பீடு தரப்பட்டதா என்று கேட்டதற்கு, அத்தகைய தரவு பராமரிக்கப்படவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் பதிலளித்தது. இழப்பீடு பற்றிய பகுதிக்கு, மேற்கண்ட பதிலைக் கருதி ‘கேள்வி எழவில்லை’ என்று முடித்தது. அதே வாரத்தில் ரயில்வே அமைச்சகம், தொழிலாளர் சிறப்பு ரயில்களில் செப்டம்பர் 9 வரை 97 பேர் இறந்ததாக மாநிலங்களவைக்கு எழுதித் தந்தது. ஒரு அமைச்சகம் எண்ணியது. இன்னொன்று எண்ணவுமில்லை, எண்ணியவரிடம் கேட்கவுமில்லை.

தெரியாது என்பது நேர்மையான பதிலாக இருக்க முடியும், தெரிந்துகொள்ளும் கடமை இல்லாதவருக்கு. தொழிலாளர் நலனையே பணியாகக் கொண்ட அமைச்சகத்துக்கு அந்த விலக்கு இல்லை. எண்ணாமல் விடுவதும் ஒரு முடிவுதான். அந்த முடிவின் விளைவை இரண்டாம் வரியிலேயே பார்க்கிறோம். எண்ணப்படாதவருக்கு இழப்பீடு என்ற பேச்சே எழாமல் போனது.

நடைமுறையிலும் ஒரு கோணல் இருக்கிறது, அதைத் திருத்த முடியும். ‘தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்’ என்று ஓர் அமைச்சகம் எழுதினால் அது உறுதிமொழியாகக் கணக்கில் ஏறுகிறது. 1953இல் ஏற்படுத்தப்பட்ட மக்களவையின் அரசு உறுதிமொழிக் குழு அதைத் தொடர்ந்து கேட்கும். மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும். தரவு இல்லை என்று எழுதினாலோ எந்தக் கடமையும் பின்தொடர்வதில்லை. தேடித் தருகிறேன் என்பவர் மாட்டிக்கொள்கிறார், கைவிரித்தவர் விடுபடுகிறார். உயிரிழப்பு பற்றிய கேள்விக்குத் தரவு இல்லை என்று வரும் ஒவ்வொரு பதிலையும் உறுதிமொழியாகவே பதிய வேண்டும்: இனி எண்ணத் தொடங்குவது, இல்லையென்றால் எண்ணாததற்கான காரணத்தை மூன்று மாதத்தில் எழுதித் தருவது. அப்படியொரு விதி 2020இல் இருந்திருந்தால், தொழிலாளர் அமைச்சகம் ரயில்வேயின் பட்டியலையாவது வாங்கி அந்த 97 குடும்பங்களிலிருந்து தொடங்கியிருக்க வேண்டியிருக்கும்.