தலைப்பும் தார்மீகமும்

சொல்லற்ற இசைக்குத் தார்மீகம் உண்டா? விஜய் ஐயரின் 'அன்ஈஸி' (2021) இசைத்தட்டு இந்தப் பழைய கேள்வியை மறுபடியும் எழுப்புகிறது. அமெரிக்காவில் குடியேறிய தமிழ்ப் பெற்றோருக்கு 1971இல் பிறந்த ஐயர் 1995இலிருந்து தட்டுகள் வெளியிட்டு வருகிறவர். இதில் பியானோ அவர். பாஸ், லிண்டா மே ஹான் ஓ. டிரம்ஸ், டைஷான் சோரி.

முதல் உருப்படியின் பெயர் 'ஃப்ளின்ட்டின் குழந்தைகள்' என்று பொருள்படுவது. கறுப்பர்கள் பெரும்பான்மையாக வாழும் மிச்சிகன் மாநிலத்து ஏழை நகரம் ஃப்ளின்ட். செலவைக் குறைப்பதற்காக 2014இல் அங்கே ஆற்றுநீரைக் குடிநீராக்கினார்கள். அரிப்பைத் தடுக்கும் ரசாயனத்தைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களின் ஈயம் குழந்தைகளின் ரத்தத்தில் ஏறியது.

இவ்வளவையும் நினைவில் எழுப்புவது தலைப்பு மட்டுமே. ஸ்வரங்களில் ஈயம் இல்லை. தலைப்பை மறைத்துவிட்டால் சாயங்கால ஏக்கம் என்றுகூட ஒருவர் இதை ரசித்துவிட்டுப் போகலாம். அப்படியானால் அக்குழந்தைகளின் துயரம் ஓர் அழகுக்குக் கனம் கூட்டத்தான் பயன்பட்டிருக்கிறதா?

நான் அம்பத்தூர்க்காரன். பக்கத்துக் கொரட்டூர் ஏரியில் ஆலைக் கழிவும் சாக்கடையும் கலந்த விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. நாளை ஒரு வைணிகர் தம் ஆலாபனைக்குக் 'கொரட்டூர் ஏரி' என்று பெயரிட்டால் நான் முதலில் சந்தேகப்படவே செய்வேன். ஏரிக்கு அதனால் ஆவதென்ன?

இசையின் அறம் அது எதைப் பற்றியது என்பதில் இல்லை, எப்படி நடந்துகொள்கிறது என்பதில்தான் இருக்கிறது என்று பதில் சொல்லலாம். பியானோ மூவர் குழுவில் மற்ற இருவரும் வெகுகாலம் ஏவலாட்களாகவே இருந்தார்கள். 1959இல் பில் எவன்ஸ், ஸ்காட் லஃபாரோ, பால் மோஷியன் சேர்ந்தபின் அது உரையாடலாக மாறிற்று. நம் கச்சேரியில் மிருதங்கத்துக்குத் தனி ஆவர்த்தனம் என்று நேரம் ஒதுக்குகிறோம், அது சலுகை. இங்கே யாரும் யாருக்கும் ஒதுக்குவதில்லை. தலைமை தாங்கும் உரிமையுள்ள பியானோ ஒதுங்கி நின்று கேட்கிறது. பிறர் ஒலிக்க இடம்விடுவது இரக்கத்தின் ஸ்தூல வடிவம் என்றே எனக்குப் படுகிறது.

ஆனால் இந்தப் பதில் போதாது. மூன்று தேர்ந்த கலைஞர்கள் ஒருவருக்கொருவர் இடம்விடுவதில் அவர்களுக்கு நஷ்டம் எதுவும் இல்லை. ஃப்ளின்ட்டின் குழந்தைகள் அந்த அறையில் இல்லை.

எனவே தலைப்பை ஒரு கடன்பத்திரமாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். இசை அந்தக் கடனை அடைப்பதில்லை, அடைக்கவும் முடியாது. கடன் உண்டு என்று பெயர் சொல்லி ஒப்புக்கொள்கிறது, அவ்வளவுதான். பெயரிடாத இசைக்கு இந்தச் சங்கடம் இல்லை. அதற்குக் கடனும் இல்லை. கேட்டு மனம் நெகிழ்ந்ததையே கடன் தீர்ந்ததாகக் கணக்கெழுதிக்கொள்ளும் ரசிகனிடம்தான் மோசடி ஆரம்பமாகிறது.