மாறியும் மரபு

மரபைக் காப்பாற்றச் சொல்லி நமக்கு அறிவுரை வராத நாள் கிடையாது. புடவை, பொட்டு, திருமணம், அடுப்படி என்று மரபு குடியிருப்பதாகச் சொல்லப்படும் இடங்கள் பெரும்பாலும் பெண்ணைச் சுற்றியே இருக்கின்றன. அவள் மாறினால் மரபு கெட்டுவிடும் என்பதுதான் இந்தப் பேச்சின் அடித்தளம். இது சரிதானா? ஒரு பழைய பொருளை மெய்யாகவே காப்பாற்றி வருகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால் இதற்கு விடை தேடலாம். அதற்கு நம் பக்கத்தில் நீலகிரி மலை ரயில் இருக்கிறது.

இந்த ரயில் 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ஓடத் தொடங்கியது. 1908-இல் பாதை உதகமண்டலம் வரை நீண்டது. 46 கிலோமீட்டர் தூரத்துக்குள் 16 சுரங்கங்கள், 208 வளைவுகள், ஏறத்தாழ 250 பாலங்கள். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏற்றம். வெறும் சக்கரம் அங்கே வழுக்கும். அதனால் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டையைப் பதித்திருக்கிறார்கள். எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏற, பெட்டிகளை எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுகிறது. யுனெஸ்கோ 1999-இல் டார்ஜிலிங் ரயிலை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. 2005-இல் நீலகிரி ரயிலும், 2008-இல் கல்கா–சிம்லா ரயிலும் அதில் சேர்ந்தன.

இதில் எதெல்லாம் பழையது என்று கேட்டுப் பாருங்கள். நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தவை. நிலக்கரியில் ஓடியவற்றில் பலவற்றை எண்ணெயில் ஓடும்படி மாற்றினார்கள். திருச்சி பொன்மலைப் பணிமனையில் இந்த நூற்றாண்டில் புதிய நீராவி எஞ்சின்களே செய்தார்கள். குன்னூருக்கு மேலே ரயிலை ஓட்டுவது டீசல் எஞ்சின். தேய்ந்த பற்களும் உளுத்த கட்டைகளும் ஓயாமல் மாற்றப்படுகின்றன. இத்தனை மாறியும் ரயிலின் மரபு போய்விட்டதாக யாரும் புலம்பவில்லை. மாற்றியதால்தான் அது இன்னும் ஓடுகிறது. ஓடுவதால்தான் அது மரபு. நிறுத்தி வைத்திருந்தால் நிலைய வாசலில் பெயின்ட் அடித்த இரும்பாக நின்றிருக்கும்.

ஆக, அங்கே காப்பாற்றப்படுவது பழைய இரும்பு அல்ல. மலை ஏறும் ஒரு முறையும், அதைத் தெரிந்து வைத்திருக்கும் கைகளின் அறிவும்தான். இரும்புக்கு நாம் கொடுக்கும் இந்தச் சலுகை பெண்ணுக்கு மட்டும் ஏன் இல்லை? அவள் வேலைக்குப் போனால், முடியை வெட்டிக்கொண்டால், தாலியைக் கழற்றினால், சாதி தாண்டி மணந்தால் மரபே முடிந்துவிட்டது என்கிறார்கள்.

ரயிலில் மாறுவது உதிரிபாகம், பெண் விஷயத்தில் மாறுவது சாரம் என்று ஒருவர் மறுக்கலாம். எது உதிரி, எது சாரம் என்று முடிவு செய்வது யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ரயிலில் அதைச் சொல்கிறவர் அதன் அடியில் படுத்துத் திருகாணி முடுக்கும் பிட்டர். எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்று அவர் கைக்குத் தெரியும். பெண்களின் மரபிலோ அதை அன்றாடம் சுமக்கிறவளிடம் யாரும் கேட்பதில்லை. சுமக்காதவர்கள் கூடி முடிவு செய்கிறார்கள். எங்கே வலிக்கிறது என்று தெரியாதவர் பழுது பார்க்க முடியுமா?

ஒருமுறை திண்டுக்கல்லிலிருந்து மாணவிகளை இந்த ரயிலுக்கு அழைத்துப் போயிருந்தேன். அவர்களில் சிலருக்கு, வீட்டில் அனுமதி வாங்கியதே மலை ஏறியதைவிடப் பெரிய காரியம். ஹில்குரோவில் வண்டி தண்ணீர் பிடிக்க நின்றபோது ஒருத்தி கேட்டாள்: "மேம், எங்க அம்மாச்சி ஏவாரத்துக்குப் போன பழனி ரயிலும் இதே அகலம்தானாம். அதுல ஒரு பெட்டியைக்கூட ஏன் யாரும் வச்சுக்கலை?"

அவள் சொன்னது உண்மை. நீலகிரி ரயிலும் மீட்டர் கேஜ்தான். டார்ஜிலிங், சிம்லா ரயில்களைப் போல அதைவிடக் குறுகியது அல்ல. ஒட்டன்சத்திரம், பழனி, உடுமலைப்பேட்டை வழியாகப் போகும் திண்டுக்கல்–பொள்ளாச்சிப் பாதை 1928-இலிருந்து அதே அகலத்தில்தான் இருந்தது. அகலப் பாதைக்காக 2009-இல் அதை மூடினார்கள். பொள்ளாச்சி வரை மீண்டும் ரயில் ஓட 2015 ஆகிவிட்டது. அந்த மாணவியின் அம்மாச்சி கொத்தமல்லிக் கட்டும் கீரையும் கூடையில் ஏற்றிக்கொண்டு பாசஞ்சரில் போனவர். வண்டி நின்றபின் பஸ்ஸில் போனார். கூடைக்குத் தனி டிக்கெட். ஏறும்போதே கண்டக்டரிடம் பேச்சு. ஒரு வருஷத்தில் வியாபாரத்தை விட்டுவிட்டார். கையில் புழங்கிய காசும் அதோடு நின்றது.

மீட்டர் கேஜையே வைத்திருக்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை. அகலப் பாதை வேண்டியதுதான். அதில் ஏறித்தான் என் மாணவிகளில் பலர் கல்லூரிக்கு வருகிறார்கள். என் வருத்தம் வேறு. ஊர் சுற்றுகிறவர்களின் கண்ணுக்கு அழகான பாதை மரபு ஆனது. பெண்கள் கூடையோடு பிழைத்த பாதை வெறும் பழைய பாதை ஆனது. அதை வைத்துக்கொள்ளாததுகூடப் பரவாயில்லை, எழுதிக்கூட வைக்கவில்லை.

மலைப் பாதையிலும் எல்லோரையும் நினைவு வைத்திருக்கிறோமா? இந்தியாவில் ரயில்பாதைகள் போடப்பட்ட காலத்தில் மண்வேலைக்குக் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். ஆண் வெட்டிய மண்ணைப் பெண் கூடையில் சுமந்தாள். எஞ்சின் செய்த கம்பெனியின் பெயர் நமக்குத் தெரியும். கூடை சுமந்தவள் பெயர் தெரியாது. பெட்டிக்கு ஒருவராக நின்று கொடி காட்டிப் பிரேக் போடும் வேலைக்கு 'பிரேக்ஸ்மேன்' என்றே பெயர். நூறாண்டுக்கு மேல் ஆனபின், அண்மையில்தான் அந்த வேலைக்கு முதன்முதலாக ஒரு பெண் வந்தார். பெயரில் ஆண் இருந்தாலும் பிரேக் அவர் கைக்கும் பிடித்தது. மரபு அங்கேயும் கெடவில்லை.

கேத்தி நிலையம் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். பாலு மகேந்திராவின் 'மூன்றாம் பிறை' (1982) அங்கேதான் முடிகிறது. நினைவு திரும்பிய பெண் ரயிலில் போகிறாள். அவளுக்கு நினைவூட்ட அவன் என்னென்னவோ செய்து தோற்கிறான். நாற்பது ஆண்டுகளாக நாம் அவனுக்காக அழுகிறோம். நானும் அழுதிருக்கிறேன். ஆனால் அந்த ரயிலில் போகிறவள் தன் பெயர், படிப்பு, வயது எல்லாம் தொலைத்திருந்து இப்போதுதான் திரும்பப் பெற்றவள். அவளுக்கு அது மீட்சி. அவனை மறந்துவிட்டாள் என்பது மட்டும்தான் நமக்குத் துயரமாகப் படுகிறது. யாருடைய நினைவு யாருக்காகக் காப்பாற்றப்பட வேண்டும் என்பதில் நம் கண்ணீர்கூட ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது.

மரபைக் காப்பது நல்ல காரியம்தான். ஆனால் அதை ஓட்டுகிறவளுக்கு அதைப் பழுது பார்க்கும் உரிமையும் வேண்டும். உரிமை இல்லாத இடத்தில் காப்பது என்பது காவல் வைப்பதாகிவிடும். இரண்டுக்கும் தமிழில் வேர்ச்சொல் ஒன்றுதான். வாழ்க்கையில் அவை ஒன்றல்ல.

எழுதி வைக்கப்படாததை எழுதலாம். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. இதைப் படிக்கும் மாணவிகள் அம்மாச்சியிடமும் அப்பத்தாவிடமும் கேளுங்கள்: எந்த ரயிலில் போனீர்கள், கூடையில் என்ன இருந்தது, எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், கிடைத்த காசு யார் கையில் இருந்தது? அவர்கள் சொல்கிறபடியே, அவர்களுடைய பேச்சிலேயே எழுதி, மேலே அவர்கள் பெயரைப் போடுங்கள்.