கர்மான்னு சொல்லிட்டுப் போகலாமா?

புக்கிட் தெங்காவில் எங்க பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஏழு வயசு, இரத்தப் புற்றுநோய். பாலம் தாண்டி பினாங்கு பெரிய மருத்துவமனைக்குப் போய் வருகிறார்கள். “எல்லாம் போன ஜென்மத்துக் கர்மாக்கா” என்று அவன் அம்மாவிடம் ஆறுதலாகத்தான் சொன்னேன். “ராத்திரி மூணு மணிக்குக் காலு வலிக்குதுன்னு அழறான். அப்ப என்ன செய்யணும்னு சொல்லு தம்பி,” என்றார். வாயடைத்துப் போனேன்.

1980கள் வரை, பச்சைக் குழந்தைக்கு வலி தெரியாது என்று நம்பி, போதிய மயக்க மருந்து இல்லாமலே அறுவை செய்தார்கள். இந்தியாவில் பிறந்த டாக்டர் கன்வல்ஜீத் ஆனந்த் ஆக்ஸ்ஃபோர்டில் ஆராய்ந்து, 1987இல் அது தவறென்று காட்டினார். கர்மான்னு அவரும் விட்டிருந்தால்?

வின்கிரிஸ்டின் மருந்து நரம்பைத் தாக்கிக் கால்வலி தரும். ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுக்கும். தூங்காத உடம்புக்கு வலி இன்னும் கூடும். ‘அடம்பிடிக்கிறான்’ என்று நாம சொல்றது பல நேரம் இதுதான். டாக்டரிடம் சொன்னால் வழி செய்வார்கள். சிரிப்பு முதல் அழுகை வரை ஆறு முகம் வரைந்த அட்டையைக் காட்டினால் பிள்ளையே தொட்டுச் சொல்லும்.

கர்மாவை நான் மறுக்கவில்லை. ஆனால் அவன் கணக்கு எனக்குத் தெரியாது. அவன் அழும்போது நான் செய்வது என் கணக்கு. இப்போ சனிக்கிழமை ராத்திரி நான் போய் உட்கார்கிறேன், அக்கா கொஞ்சம் தூங்கட்டும். போன வாரம் ரெண்டாவது முகத்தைத் தொட்டான்.