சுண்டெலிக்குப் பட்ட கடன்

குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகேறும் ஆசிரியர்கள், பாடசாலைக்குப் பூச்சிக் குளிசை வரும் நாளை அறிவார்கள். சைவ ஆசாரம் பிசகாத தாயும் அன்று மாலை, “குளிசையை விழுங்கினனியோ?” என்று பிள்ளையைக் கேளாமல் விடமாட்டாள். குடலிற் புழு சாவது கொலையாகாதா என்ற ஐயம் அவளுக்கு எழுவதில்லை, எழவும் வேண்டியதில்லை.

ஆனால், சோதனைச்சாலையில் மடியும் சுண்டெலியைப் பற்றிய கேள்வியை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. உடல் புழுவை எதிர்க்கும் விதத்தை அறிவதற்காகப் பிள்ளைகளுக்குப் புழு முட்டையை ஊட்டிப் பார்க்க எவர் துணிவார்? ஆகவே, மனிதரின் சாட்டைப்புழுவுக்கு உறவான எலிச் சாட்டைப்புழுவின் முட்டையைச் சுண்டெலிக்கு ஊட்டுகிறார்கள். பின்னர் அதைக் கொன்று, குடலை விரித்துப் புழுக்களை எண்ணுகிறார்கள். குடற்சுவரின் கலங்கள் விரைந்து புதுப்பிக்கப்படுவதால் புழு வெளியே தள்ளப்படுகிறது என்பதும், இதற்கு இன்டர்லூக்கின் 13 என்னும் புரதம் தூண்டுகோலாகிறது என்பதும் இவ்வாறே தெரியவந்தன.

சுண்டெலி வேறொன்றையும் சொல்லியிருக்கிறது. 1986இல் சிலேற்றர், கீமர் என்போர் வெளியிட்ட ஆய்வில், மீண்டும் மீண்டும் புழுத் தொற்றுக்குள்ளான சுண்டெலிகளுள் போதிய புரதம் உண்டவை நாளடைவில் நிர்ப்பீடனம் பெற்றன. புரதம் குறைந்தவற்றின் குடலிற் புழுக்கள் சேர்ந்துகொண்டே போயின. 2018இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், கூண்டிலிருந்தபோது புழுவை வெளியேற்றிய அதே இனச் சுண்டெலிகள், திறந்தவெளி மண்ணில் வாழவிடப்பட்டதும் ஏராளமான புழுக்களைச் சுமந்தன.

பசித்த பிள்ளைக்கு உணவு வேண்டும் என்று அறியச் சுண்டெலி எதற்கு என மாணவர் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பசியை அறிய எலி வேண்டாம். பசி நிர்ப்பீடனத்தை அழிக்கும் வழியை அறிய அது வேண்டியிருந்தது. நான் இவ்வாய்வுகளை நிறுத்தச் சொல்பவனல்லன். ஏழைப் பிள்ளையின் பெயரால் ஓர் உயிரைக் கொன்றோம். அப்பிள்ளைக்கு அதனால் என்ன சேர்ந்தது என்றே கேட்கிறேன். உலகில் ஏறக்குறைய 150 கோடி மக்கள் மண்வழிப் புழுக்களைச் சுமக்கிறார்கள். மனிதரின் குடற்புழுவுக்குத் தடுப்பூசி இன்னும் பயன்பாட்டுக்கு வரவில்லை. குளிசை புழுவைக் கொல்லும்; மறு தொற்றைத் தடுக்காது. புரதமோ தீவைச் சுற்றிய கடலிலேயே உண்டு. ஆனால் நண்டும் கடலட்டையும் ஏற்றுமதிக்குப் போகின்றன, பிடித்தவன் வீட்டுச் சட்டிக்கு வருவது மிச்சந்தான்.

தீவின் வரண்ட மண் புழு முட்டைக்கு உகந்ததன்று. ஆனால் மாரி பிடித்ததும் கிணற்றடி வாழை நிழலில் ஈரம் தங்கிவிடும். மலகூடம் இல்லாத வளவில், குளிசை விழுங்கிய பிள்ளை மறுநாளும் வெறுங்காலுடன் அங்கேதான் விளையாடும்.