ஆர்.சி. புக்கில் இல்லாத பெயர்

எங்கள் வண்டி மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தொட்டது கீரனூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், 2025 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். வண்டியில் நாங்கள் நான்கு பெண்கள் இருந்தோம். நான்கு பேருக்கும் திருச்சியில் வேலை. டீசல் செலவைப் பங்கிட்டுக்கொண்டு ஒன்றாகப் போய் வருகிறோம். பின்சீட்டுத் தோழி தலையை நீட்டி மீட்டரைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஆறு இலக்கமும் உருண்டு மாறியதும் கைதட்டினார்கள். ஓரமாக நிறுத்தி டீ குடித்தோம். காசு நான் கொடுத்தேன்.

அன்று இரவு சிங்கப்பூரில் இருக்கும் கணவரிடம் போனில் சொன்னேன். "அவ்ளோ ஓடிருச்சா? அப்ப மாத்திட வேண்டியதுதான். நான் வரும்போது எக்ஸ்சேஞ்ச்ல போட்டுருவோம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, எனக்கு நல்லது செய்கிற குரலில்தான் சொன்னார். எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை. இந்தக் கட்டுரை அந்தத் தூக்கமின்மையிலிருந்து வருகிறது.

முதலில் வண்டியைப் பற்றி. 2016இல் வாங்கிய டீசல் சியாஸ். பின்பக்கம் எஸ்.ஹெச்.வி.எஸ். என்று எழுதியிருக்கும். ஹைப்ரிட் என்றாலும் முழு ஹைப்ரிட் இல்லை, மோட்டார் மட்டும் தனியாக வண்டியை இழுத்துக்கொண்டு போகாது. சிக்னலில் நியூட்ரலுக்கு வந்து கிளட்சை விட்டால் இன்ஜின் தானே அணையும், மறுபடி கிளட்சை மிதித்தால் எழும். வேகத்தைக் குறைக்கும்போது வீணாகிற விசையில் ஒரு பங்கை மின்சாரமாக்கிப் பேட்டரிக்குத் திருப்பும். வேகம் எடுக்கும்போது அந்த மின்சாரம் இன்ஜினுக்கு ஒரு சின்னக் கை கொடுக்கும். அவ்வளவுதான் அதன் சாமர்த்தியம். ஆனால் அந்தச் சாமர்த்தியத்துக்கு ஏற்ற பேட்டரி போட வேண்டும். அடிக்கடி அணைந்து எழுவதைத் தாங்குகிற வகை, விலை கூடியது. "சாதாரணப் பேட்டரியே போதுமே" என்று வீட்டில் எல்லோரும் சொன்னபோது மாட்டேன் என்று நின்றேன். பத்தாயிரத்துக்கு ஒருமுறை ஆயில், முப்பது தடவை மாற்றியாகிவிட்டது. கிளட்ச் இரண்டு தடவை. நெடுந்தூரம் ஓடி நிறுத்தும்போது டர்போ சூடு ஆற அரை நிமிடம், ஒரு நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு அணைப்பேன். இதையெல்லாம் ஒரு நீள நோட்டில் தேதி, கிலோமீட்டர், ரூபாய் என்று எழுதி வருகிறேன். இப்போது இரண்டாவது நோட்டு ஓடுகிறது.

வண்டி யாருடையது? முன்பணத்துக்கு என் நகை அடகுக்குப் போனது. மாதத் தவணை அவர் சம்பளத்திலிருந்து போனது. டீசல், டயர், ஆயில், இன்சூரன்ஸ் என் சம்பளத்தில். ஆர்.சி. புக்கில் அவர் பெயர். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தைப் புரட்டினால் இரண்டாம் பிரிவிலேயே பதில் இருக்கிறது: யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரே உரிமையாளர். சட்டத்துக்கு இதில் குழப்பமே இல்லை.

எங்கள் ஊர் திருக்கோகர்ணம் என்பதால் எனக்கு இதில் ஒரு வேடிக்கை தெரிகிறது. இங்கே குன்றைக் குடைந்த கோயிலில் இருக்கும் பிரகதாம்பாள்தான் தொண்டைமான் மன்னர்களின் குலதெய்வம். மன்னர்கள் தங்களைப் பிரகதாம்பாள் தாஸ் என்று அழைத்துக்கொண்டார்கள். அவளுடைய அடிமையாக இருந்துதான் நாட்டை ஆள்கிறோம் என்று பொருள். அவளுடைய உருவம் பொறித்த அம்மன் காசு சமஸ்தானம் முழுக்கப் புழங்கியது. அவள் பெயரில் நாடு, அவள் முகத்தில் நாணயம். வரியை எவ்வளவு போடுவது என்று அவளை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. எங்கள் தெருவில் வரிச் சலுகைக்காக மனைவி பெயரில் வீடு பதிந்தவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெண்கள் கையெழுத்துப் போடும் இடங்களில் பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுப்பார்கள். ஆக, பெயர் இருந்தால் போதும் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

என் அம்மாவிடம் ஒரு சைக்கிள் இருந்தது. 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார். பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்து, பலர் ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே வாங்கினார்கள். குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பி வாங்கியவர்களும் உண்டு என்பதை பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். அப்படிக் கம்பியில் உட்கார்ந்து போன பிள்ளைகளில் நான் ஒருத்தி. இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொள்வேன், அம்மாவின் மூச்சு உச்சந்தலையில் படும்.

அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் பெண்கள் சைக்கிள் ஓட்டியதைச் சொல்கிறோம். பஞ்சர் ஒட்டியதைச் சொல்வதில்லை. கடைக்குத் தள்ளிக்கொண்டு போனால் நாலு ஆம்பளைகள் வேடிக்கை பார்ப்பார்கள் என்று அம்மா தானே கற்றுக்கொண்டார். ட்யூபை உருவி, காற்றடித்து, அண்டாத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிற இடத்தைக் கண்டுபிடிப்பது எனக்கு விளையாட்டு. உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதிக் காயவைத்து ஒட்டுவார். செயினுக்கு எண்ணெய், பிரேக் கட்டைக்குப் பழைய டயர்த் துண்டு. இருபது வருடத்துக்கு மேல் அந்தச் சைக்கிள் ஓடியது. ஒருநாள் அம்மா ஊருக்குப் போயிருந்தபோது அப்பா அதைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார். இடத்தை அடைக்கிறது என்று. ரசீது அவர் பெயரில்தான் இருந்தது. அம்மா வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல், அது நின்ற சுவரோரத்தைப் பெருக்கினார். "போட்டுட்டீங்களா" என்று மட்டும் கேட்டார்.

தத்துவப் பாடம் நடத்துபவர்கள் இந்த இடத்தில் ஜான் லாக்கைக் கூப்பிடுவார்கள். 1689இல் அவர் சொன்னது பிரபலமானது: பொதுவில் கிடக்கும் பொருளோடு ஒருவர் தன் உழைப்பைக் கலந்தால் அது அவருடையதாகிறது. படித்த காலத்தில் எனக்கு இது அம்மாவுக்காகவே எழுதியதுபோல இருந்தது. பிறகுதான் அடுத்த பத்தியில் வருவதைக் கவனித்தேன். என் வேலைக்காரன் வெட்டிய புல்தரையும் என் சொத்து என்கிறார். யாருடைய உழைப்பு உழைப்பாகக் கணக்கில் வரும், யாருடையது இன்னொருவருடைய உழைப்பின் நீட்சியாகக் கரைந்துபோகும் என்பதை அவர் கேட்கவே இல்லை. அவர் யோசித்ததெல்லாம் வேலி போடுவது, உழுவது, பறிப்பது பற்றி. ஏற்கனவே இருப்பதை நாளைக்கும் இருக்கவைக்கும் வேலைக்கு அவரிடம் இடமில்லை.

கார் என்ற பொருளின் தொடக்கத்திலேயே இந்தக் கதை இருக்கிறது. கார்ல் பென்ஸின் தொழிலில் பெர்தா கல்யாணத்துக்கு முன்பே தன் சீதனப் பணத்தைப் போட்டிருந்தார். 1886இல் காப்புரிமை கணவர் பெயரில் வந்தது. 1888 ஆகஸ்டில் கணவருக்குச் சொல்லாமல் மகன்கள் இருவரோடு வண்டியை எடுத்துக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினார். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். பிரேக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தைக்கச் சொன்னார். உலகின் முதல் நெடும்பயணத்தின் மெக்கானிக்கும் அவரேதான்.

இதுவரை படித்துவிட்டு, "சரி, பராமரிப்பைப் போற்றுவோம்" என்று நீங்கள் சொன்னால் நான் உடனே பின்வாங்குவேன். ஏனென்றால் பராமரிப்பைப் போற்றியேதான் நம்மை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். கிழிந்ததைத் தைத்து, உடைந்ததை ஒட்டி, 'அனுசரிச்சுப்போ' என்று சொல்லிச் சொல்லி, ஓடாத கல்யாணத்தைக்கூட ஓடவைக்கும் பொறுப்பைப் பெண் தலையில் கட்டியிருக்கிறார்கள். நியூயார்க்கில் மியர்ல் லேடர்மன் யூகெல்ஸ் என்ற கலைஞர் குழந்தை பெற்ற பிறகு, 1969இல், பராமரிப்புக் கலைக்கு ஓர் அறிக்கை எழுதினார். புரட்சி முடிந்த பிறகு குப்பையை யார் அள்ளுவது என்ற கேள்வி அதில் உண்டு. பிறகு அருங்காட்சியகத்தின் படிகளைக் கழுவி அதைக் கலை என்றார், நகரத்தின் 8,500 துப்புரவுத் தொழிலாளர்களிடம் ஒவ்வொருவராகக் கைகுலுக்கி நன்றி சொன்னார். எனக்கு அவரைப் பிடிக்கும். ஆனால் நம் ஊரில் கைகுலுக்கல் ஏராளமாகக் கிடைக்கிறது, மார்ச் 8 தோறும். கிடைக்காதது வேறு.

அது என்ன என்று எனக்குக் காட்டியவர் ஃப்ளோரிடாவில் இருந்த ரேச்சல் வீச் என்ற பெண்மணி. 1964இல் ஒரு மெர்குரி காமெட் காரை வாங்கினார். ஒவ்வொரு செலவையும் குறித்துவைத்துக்கொண்டு 2012 வரை ஓட்டினார், ஒன்பது லட்சம் கிலோமீட்டருக்கு மேல். அப்போது அவருக்கு 93 வயது. கண்பார்வை மங்கி ஒருநாள் சிவப்பு விளக்கைத் தாண்டிவிட்டதை உணர்ந்ததும், போதும் என்று அவரே நிறுத்திக்கொண்டார். அவ்வளவு கிலோமீட்டரைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அந்த 'போதும்'. அதை அவர் வாயால் அவர் சொன்னார். அம்மாவின் சைக்கிளுக்கு அம்மாவால் அதைச் சொல்ல முடியவில்லை. காப்பாற்றுகிறவளிடம் கைவிடும் உரிமையும் இருந்தால்தான் காப்பாற்றுவது அவளுடைய செயலாகிறது. இல்லையென்றால் அது வேலை மட்டும். ஓடாத கல்யாணத்துக்கும் எனக்கும் வண்டிக்கும் உள்ள வித்தியாசம் இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

சட்டமும் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்பு சொன்னார். கணவர் சவுதியில் வேலை பார்த்தார், மனைவி ஊரில் குடும்பத்தையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். அவர் அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்தில் மனைவிக்கும் சமபங்கு உண்டு என்றது தீர்ப்பு. வீட்டு வேலை இல்லாமல் அந்தச் சம்பாத்தியமே நடந்திருக்காது என்பது அதன் தர்க்கம். படித்தபோது எனக்கு அழுகை வந்தது. ஆனால் நிலத்தைப் பாதியாகப் பிரிக்கலாம். ஒரு பொருளை வைத்துக்கொள்வதா விடுவதா என்ற முடிவை எப்படிப் பாதியாகப் பிரிப்பது?

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. கணவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. பழைய டீசல் வண்டி கக்கும் புகை புதிய முழு ஹைப்ரிட்டில் குறைவு. புதிதாக ஒரு வண்டியைச் செய்வதற்கே எவ்வளவு இரும்பும் எரிபொருளும் போகும் என்று நான் எதிர்வாதம் செய்யலாம்தான். வருடத்துக்கு முப்பதாயிரத்துக்கு மேல் ஓட்டுகிற எனக்கு அந்த வாதம் ரொம்ப நாள் தாங்காது என்றும் தெரியும். இலங்கையில் 2020இலிருந்து சுமார் ஐந்து ஆண்டுகள் வாகன இறக்குமதியை நிறுத்தியிருந்தபோது, ஜப்பானிலிருந்து வந்த பழைய ஹைப்ரிட்களைப் பேட்டரி செல் செல்லாக மாற்றி ஓட்டினார்கள். அங்கே வேறு வழியில்லை. எனக்கு வழி இருக்கிறது. ஒருவேளை மாற்றத்தான் வேண்டுமோ என்னவோ.

கணவர் பொங்கலுக்கு வந்தார். ஷோரூமுக்குப் போனோம். விற்பனைப் பையன் மதிப்புப் போட வண்டியைச் சுற்றிவந்து, "நல்லா வச்சிருக்கீங்க சார்" என்றான். அவர் ஒரு நொடி தடுமாறி, "அவங்கதான்" என்று என்னைக் காட்டினார். பையன் என் பக்கம் திரும்பிச் சிரித்துவிட்டு, விலையை மறுபடி அவரிடமே சொன்னான். நான் இரண்டு நோட்டையும் மேசையில் வைத்தேன். கணவர் புரட்டினார். பத்து வருடத்தில் அன்றுதான் அவர் அதைத் திறந்து பார்க்கிறார். 2019இல் ஒரு பக்கத்தில் மகளின் காய்ச்சல் மருந்துச் செலவும் ஆயில் செலவும் ஒரே வரியில் இருந்ததைப் பார்த்து, "இது என்ன?" என்றார். "அன்னைக்கு ரெண்டும் ஒரே ரோட்டுலதான் இருந்துச்சுங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்து, விற்பதா வேண்டாமா என்று நான் பேசவில்லை. முதலில் என் பெயருக்கு மாற்றுங்கள், பிறகு நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "விக்கப்போற வண்டிக்கு எதுக்குடி பேர் மாத்தணும்?" என்றார். அதற்காகத்தான் என்றேன். அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. படிவம் 29லும் 30லும் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் சிங்கப்பூர் போனார். ஒரு இடத்தில் கையெழுத்து விட்டுப்போயிருக்கிறது, தெரிந்து விட்டாரா மறந்தாரா என்று நான் கேட்கவில்லை. படிவங்கள் ஃப்ரிட்ஜ் மேல் நோட்டுக்கு அடியில் இருக்கின்றன.

அம்மாவிடம் சொன்னேன். "கையெழுத்து வாங்கிடு" என்றார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். நேற்று மீட்டர் 3,17,640. அடுத்த ஆயில் 3,20,000இல்.